தண்டகர்கள் என்னைத் தேடிய நாட்கள்

சாயங்காலம் டிவியில் ஓடிய ரோபோத் தொடரில் வந்த இரும்புப் படையைக் கண்டு நாங்கள் யாரும் பயந்ததில்லை. மலை முழுக்க நிரம்பி வரும்; நல்ல ரோபோ ஒரே வீச்சில் அவ்வளவையும் காலி எண்ணெய் டின் மாதிரி உருட்டிவிட்டுப் போய்விடும். நாங்கள் பயந்தது தண்டகர்களுக்குத்தான். படையை விட்டு ஓடிப்போன ரோபோக்களையும் எதிரிக்கு உதவிய ரோபோக்களையும் தேடிப் பிடித்துத் தண்டிப்பது அவர்கள் வேலை. மொத்தம் நான்கு பேர். எதிரிகளை அவர்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் சொந்தப் படையிலிருக்கும் துரோகிகள்.

தலைவன் பெயர் முகமிலி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வழவழப்பான தகடு மட்டும் இருக்கும். அவன் வந்து நின்றதும் சுற்றியிருக்கும் ரோபோக்களின் கண்விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். துரோகியின் பெயரை அவன் வாயால் சொல்லவே மாட்டான். "இப்படி ஒருவன் நம்மிடையே இருந்ததே இல்லை" என்பான். உடனே சோப்பு விளம்பரம் போட்டுவிடுவார்கள். விளம்பரம் முடிந்து பார்த்தால் அந்த ரோபோ நின்ற இடம் காலியாக இருக்கும். என்ன செய்தார்கள் என்று கடைசிவரை காட்டியதில்லை. காட்டாததால்தான் அவ்வளவு பயம்.

தமிழில் குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் மேடை நாடகத்தில் பேசுவதுபோலப் பேசினார்கள். பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீதியில் ஒருவரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அது ரோபோக்களின் பாஷை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் அந்த வீதிக்குப் புதிதாக வந்தவர்கள். குண்டடத்துப் பக்கம் இருந்த பூமியில் கிணறு வற்றிப்போகவும், அப்பா மாடுகளைக் கொடுத்துவிட்டுப் பழைய விசைத்தறிகள் சிலவற்றை வாங்கினார். வாடகைக்கு ஒரு ஷெட், அதோடு ஒட்டி ஒரு வீடு. வீதி முழுக்க அப்படித்தான். வீட்டுக்கு ஒரு தறி ஷெட். மொத்த வியாபாரிகள் தறியில் நீளவாக்கில் கட்டும் பாவும், குறுக்கே ஓடும் நூலும் கொடுப்பார்கள். துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் தொழில். காலையில் தறிகள் ஓட ஆரம்பித்தால் சுவரிலும் கட்டிலிலும் சாப்பிடும் தட்டிலும் ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும்.

அந்த வீதிப் பிள்ளைகள் தவழும்போதிருந்தே ஒன்றாக இருந்தவர்கள். நான் மூன்றாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தவள். தினமும் சாயங்காலம் கடைசி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அவர்கள் தண்டகர் விளையாட்டு விளையாடுவார்கள். நூல் தீர்ந்த பேப்பர் கோன்கள்தான் ஆயுதம். சிலருக்கு அது கை, சிலருக்குக் கொம்பு. முதல் வீட்டுப் பையன் பெயின்ட் வாளியின் வெள்ளை மூடியை முகத்தில் கட்டிக்கொண்டு முகமிலியாக வருவான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். அவன் அப்பா விசைத்தறிக்காரர்கள் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். வீதியில் எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சங்கத்து மாமா என்போம். சம்மட்டிக் கையன், வலைவீசி, வாள்வாலன் என்று மற்ற மூன்று தண்டகர்களுக்கும் ஆள் இருந்தது. துரோகி வேஷம் ஆளுக்கொரு நாள் முறை போட்டு நடந்தது. அதற்கு அவர்களுக்குள் அடிதடி.

என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டபோது முகமிலி கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ ஜனம்" என்றான். ஜனத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஓரமாக நின்று பார்க்க வேண்டும், தண்டகர்கள் வரும்போது பயப்பட வேண்டும் என்றான். அந்த ஜனத்தில் நான் ஒருத்திதான். வந்த நாள் முதல் முழுப் பரீட்சை வரைக்கும் வேலிமுள் ஓரத்தில் நின்று ஒழுங்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

கோடை லீவு விட்ட சமயத்தில் அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பி பிறக்க இன்னும் நாள் இருந்தது. அவன் அவசரப்பட்டுவிட்டான். இத்தனூண்டு இருக்கிறான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆராச்சும் கேட்டா அம்மா அம்மாயி ஊட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லு கண்ணு. புள்ள பெட்டிய விட்டு வெளிய வர்ற வரைக்கும் ஊருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். கண் பட்டுவிடும் என்று அவருக்குப் பயம். யாரும் கேட்கவில்லை. ஆகவே எனக்குப் பொய் சொல்லும் சிரமம் இருக்கவில்லை.

அப்பா சோறு வடித்து வைத்துவிட்டுத் தறிக்குப் போவார். கோயம்புத்தூருக்குப் போகும் நாட்களில் பகல் முழுக்க நான் தனியாக இருப்பேன். டிவி இருந்தது. தண்டகர்கள் வருவது சாயங்காலம்தான். அதுவரைக்கும் அம்மாவின் சேலைகளை எடுத்து விரித்து மறுபடி மடித்து வைப்பேன். அம்மா மடித்த மாதிரி ஒருநாளும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீதியில் தறிகள் நின்றன. கூலியை உயர்த்திக் கொடுக்கும்வரை யாரும் நெய்வதில்லை என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்களாம். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது கேட்டது. தெருக்கோடியில் யாரோ இருமுவது கேட்டது. வேப்பமரத்தில் இத்தனை குருவிகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நிசப்தத்துக்கு நடுவில் எங்கள் ஷெட்டில் மட்டும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தார். தறிச் சத்தத்தைச் சாக்கு கட்டி மறைக்க முடியுமா? வீதிக்கே ஒரே ஒரு நாடித்துடிப்பு மாதிரி அது கேட்டுக்கொண்டிருந்தது.

சங்கத்து மாமா இன்னும் இருவரோடு வந்தார். அப்பா வாசலுக்கு வந்து நாற்காலி போட்டார். யாரும் உட்காரவில்லை.

"ஏனுங்க, ஊரே நிறுத்தியிருக்குது. நீங்க ஒருத்தர் ஓட்டுனா மத்தவங்க வயித்துல அடிச்ச மாதிரிங்க."

"தெரியுமுங்க. இந்தப் பாவு நெஞ்சு எறங்கற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்க."

"எல்லாத்துக்கும் தறியில பாவு இருக்கத்தானுங்க செய்யுது. பாதியில விட்டுட்டுத்தான் உக்காந்திருக்கறோம்."

"எனக்கு வேற வழி இல்லீங்க."

"அப்பறம் நாங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

இவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கம் சண்டைகூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும். அதனால் அது சண்டை என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சொம்பை வாங்காமல் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் தண்டகர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான்கு பேரும், கோன்களோடு, வாளி மூடியோடு. எங்கள் வீட்டுக்கு அந்த வீதிப் பிள்ளைகள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"நீ துரோகி" என்றான் முகமிலி.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முறைக்குக் காத்திருக்காமல், கேட்காமல், நேராகத் துரோகி! "நெசமாவா?" என்றேன்.

"நெசமாத்தான். உங்கப்பா தறி ஓட்டறாரு."

இப்படி ஒரு குற்றத்தை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவர்கள் விளையாட்டில் துரோகிகள் எப்போதும் ஏதாவது ஒரு கல்லைத் திருடிக்கொண்டு ஓடுவார்கள், அவ்வளவுதான். இது புதுக் கதை. "எனக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். ரோபோப் பெயர் வைத்தால்தானே விளையாட முடியும்.

வலைவீசியாக இருந்த பெண் முகமிலியைப் பார்த்தாள். அவன், "துரோகிக்குப் பேரெல்லாம் கெடையாது. இனி உங்கூட ஆரும் பேச மாட்டோம்" என்றான். பிறகு வாளி மூடிக்குள்ளிருந்து அந்த நாடகக் குரலில் சொன்னான்: "இப்படி ஒருத்தி நம்மிடையே இருந்ததே இல்லை."

டிவியில் வருவதைவிட நன்றாகச் சொன்னான். நான் வீல் என்று கத்திக்கொண்டு அவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடினேன். துரோகி ஓட வேண்டும், தண்டகர்கள் துரத்த வேண்டும். ஓடிப்போய்க் கடைசி ஷெட்டுக்குப் பின்னால், பழைய சாக்குகள் குவித்திருந்த இடத்தில் ஒளிந்துகொண்டேன். இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். யாரும் வரவில்லை. அவர்களுக்குத் தேடத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் தினமும் நான் ஒளிந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், டெம்போவுக்கு அடியில், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில்கூட. கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று வழியில் கோன்களைப் போட்டுவைத்தேன். ஒருமுறை சிவப்பு ரிப்பன் கட்டிய என் சடையைச் சாக்குக் குவியலுக்கு வெளியே தெரியும்படி விட்டுவைத்தேன். வாள்வாலன் அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தான். சடையைப் பார்த்தான். பார்த்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மற்ற மூன்று பேரையும் கூட்டிவரத்தான் போகிறான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எறும்பு கடித்தது. அசையவில்லை.

விளையாட்டு இவ்வளவு பெரிதாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் கேட்டால், கடைக்கார அக்கா பெட்டி நிறையப் பாலை வைத்துக்கொண்டு, "தீந்துபோச்சு கண்ணு" என்றாள். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். இவளையும் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி விலகி வழிவிட்டார்கள். ஜனமாக நின்று எத்தனை நாள் நான் பயந்திருப்பேன். இப்போது பெரியவர்கள் எனக்குப் பயப்படுகிறார்கள். நான் கண்விளக்கை அணைத்துப் போடும் ரோபோ மாதிரி இமைகளை மெதுவாக மூடித் திறந்துகொண்டே தண்ணீர் பிடித்தேன்.

ராத்திரிச் சோற்றுக்கு நடுவில் அப்பாவிடம், "எல்லாரும் என்னத்தான் தேடறாங்கப்பா" என்று சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேடுனா தேடட்டும். நீ வெளிய அதிகம் போவாத" என்றார். எனக்கு ரசம் ஊற்றிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

ஒரு நாள் என்னையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். தம்பியைப் பார்க்க என்னை உள்ளே விடவில்லை. அம்மா வராண்டாவுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மருந்து வாசம் அடித்தது. வீதியில் நான்தான் இப்போது துரோகி என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. பாதித் தூக்கத்தில் இருப்பவள் மாதிரி சிரித்து, "சேத்திக்கிட்டாங்களா? நல்லா வெளையாடு சாமி" என்றாள். வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார்.

பிற்பகலில் வந்து சேர்ந்தோம். ஷெட் கதவில் பூட்டு இல்லை. உள்ளே ஒவ்வொரு தறியிலும் பாவை அறுத்துப் போட்டிருந்தார்கள். இழுத்துக் கட்டிய வீணைக் கம்பிகள் மாதிரி எப்போதும் விறைப்பாக இருக்கும் நூல்கள் இரண்டு பக்கமும் தொங்கின. தலைவிரிகோலம் போல இருந்தது. அப்பா முதல் தறிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஓர் இழையை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார். அதன் ஜோடியை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார். முடிச்சுப் போட்டார். அடுத்த இழை.

"ஆருப்பா அறுத்தது?"

"எலி."

நான் எலி கடித்த துணியைப் பார்த்திருக்கிறேன். இது கத்தரிக்கோலால் வெட்டிய காகிதம்போல நேர்க்கோட்டில் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வந்தது தண்டகர்கள். என்னைக் கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில் அப்பாவின் தறியில் கைவைத்துவிட்டார்கள். இது விதிப்படி தப்பு. தொடரில் அவர்கள் துரோகியின் அப்பாவை ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. ரோபோக்களுக்கு அப்பா உண்டா என்பது வேறு விஷயம்.

நேராக முதல் வீட்டுக்குப் போனேன். விளையாட்டு முறைப்படி இருக்கட்டும் என்று ஒரு கோனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். முகமிலி வாசலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தான். உள்ளே சங்கத்து மாமா நாலைந்து பேரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"நான் சரணடைஞ்சுட்டேன். என்னப் புடிச்சுக்கோ."

அவன் மாங்காயை மறைத்தான். "போ புள்ள. உங்கூடப் பேசக்கூடாது."

"துரோகி நான். எங்கப்பா இல்ல. எதுக்கு எங்கப்பா தறிய அறுத்தீங்க?"

"நாங்க அறுக்கல."

"நீங்கதான் அறுத்தீங்க! இது அழுகுனி ஆட்டம்!" எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னத்தான தேடுனீங்க, நான்தான் வந்துட்டனே. என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க. எங்கப்பாவ விட்டுருங்க."

உள்ளே பேச்சு நின்றது. சங்கத்து மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், தலையிலிருந்த கோனைப் பார்த்தார். உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார்.

"அம்மா எங்க கண்ணு? அம்மாயி ஊட்டுலயா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் சரணடைந்த துரோகி தண்டகர் தலைவனின் அப்பாவிடம் பொய் சொல்லலாமா என்று தெரியவில்லை. "கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிலீங்க மாமா. தம்பிய கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. அவன் இத்தனூண்டு. வெளிய வர்ற வரைக்கும் ஆருக்கும் தெரியக்கூடாதுங்க. நீங்களும் சொல்லீராதீங்க."

அவர் என் தலையிலிருந்த கோனை எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வெளியே வந்து எங்களைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். முகமிலியின் அம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குப் பசி. தின்றேன். முகமிலி பாதி மாங்காயை என் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

பிறகு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா" என்றார் மாமா. அப்பா குனிந்து அடுத்த இழையைத் தேட ஆரம்பித்தார். மாமா கதவோரத்தில் நின்றார், உட்காரப் போனவர் மாதிரி வேட்டியை மடித்தார், பிறகு போய்விட்டார். பாவை அறுத்தது அவரா, அவர் சொல்லி வேறு யாருமா, அவருக்கே தெரியாமல் நடந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து எல்லாம் மாறியது. முதல் வீட்டிலிருந்து மூன்று வேளையும் சோறு வந்தது. கடைக்கார அக்கா பாலோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் கையில் திணித்தாள். குழாயடியில் என் குடத்தை யாராவது ஒருத்தி நிரப்பித் தூக்கி வந்து கொடுத்தாள். பிள்ளைகள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். வாள்வாலன் சைக்கிளை ஒரு ரவுண்டு ஓட்டிக்கொள்ளச் சொன்னான். எனக்குச் சைக்கிள் வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் காலி இடத்துக்குப் போய், "நான் ஒளிஞ்சுக்கட்டா?" என்று கேட்டேன்.

முகமிலி வாளி மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "உன்ன அப்பிடியெல்லாம் வெளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு."

"அப்ப நான் ஆரு?"

அவன் யோசித்தான். "நீ சும்மா இரு. உன்ன ஆரும் ஒண்ணும் பண்ண மாட்டோம்."

ஜனமாகக்கூட நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்காரவைத்தார்கள். வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து, வேறொருத்தி துரோகியாகி ஓடுவதையும் நான்கு பேரும் கூச்சல் போட்டுத் துரத்துவதையும் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு நன்றாகவே தேடத் தெரிந்திருந்தது. அப்படியானால் என்னை மட்டும் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் யோசித்தேன். அவ்வளவு சாமர்த்தியமாக ஒளிந்திருக்கிறேன் என்று முடிவுசெய்துகொண்டேன்.

கூலி கொஞ்சம் உயர்ந்தது. தறிகள் மறுபடி ஓடின. தம்பி பெட்டியை விட்டு வெளியே வந்தான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த வாரமே அப்பா தறிகளை விற்றுவிட்டார். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்கு வேலை சொல்லியிருந்தார்கள்.

சாமான் ஏற்ற டெம்போ வந்தபோது சங்கத்து மாமாவும் வந்தார். கேட்காமலே பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அப்பா பிடித்தார். கட்டில், அண்டா, டிவி என்று ஒவ்வொன்றையும் இருவருமாகவே ஏற்றினார்கள். "பாத்துங்க, கை நசுங்கீரும்" என்றார் மாமா. "அங்க ஊடு வசதிங்களா?" என்றார். அம்மா முன்சீட்டில் தம்பியோடு ஏறி உட்கார்ந்த பிறகு, சாமான் கட்டிய கயிற்றின் நுனியை மாமா அப்பாவிடம் நீட்டி, "எதுவும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அப்பா கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் ஏறி, என்னையும் தூக்கி உட்காரவைத்தார்.

மாமா வீதியின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். வண்டி திரும்பும்வரை நான் கையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

"மாமா பேசிக்கிட்டே இருந்தாரேப்பா. நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"

அப்பா பீரோவின் மேல் கை வைத்து, அது ஆடாமல் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுகாலம் தறிச் சத்தத்தில் நிற்பவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். பாவம், அப்பாவுக்கும் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டேன்.